பூட்டிய அறையில் ஒரு தேவி

(வானொலி இலக்கியத் தொடரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் கொஞ்சம் சங்கடமானது. வீட்டில் மூன்று தலைமுறையும் ஒன்றாக இருந்து கேட்கிற நேரம் இது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பேசத்தான் வேண்டும். மனித உடலின் அழகையும் ஆண் பெண் உறவின் இன்பத்தையும் ஒளிக்காமல் காட்டுகிற சிற்பமும் ஓவியமும் நம்மிடையே எப்படி வாழ்ந்தன, எப்போது அவை வெட்கத்துக்கு உரியவை ஆயின என்பதே பொருள். சிருங்காரக் கலை என்று இதனைச் சொல்வார்கள். இந்தக் கதையைத் தொடங்குவதற்குக் கஜுராகோவுக்கோ கோனார்க்குக்கோ போக வேண்டியதில்லை. நமது திருகோணமலைக் கரையிலிருந்தே தொடங்கலாம்.

அதற்கு முன்னர் என் சொந்த வாழ்விலிருந்து ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 1981ஆம் ஆண்டு நான் திருகோணமலை நகரில் ஒரு பாடசாலையில் சித்திர ஆசிரியனாக இருந்தேன். வகுப்பறையின் யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரியும். உயர்தர வகுப்பில் படித்த மாணவி ஒருத்தி, பாடசாலைக் கண்காட்சிக்கென்று ஒரு பென்சில் சித்திரம் கீறிக்கொண்டு வந்தாள். புத்தகமொன்றில் இருந்த புகைப்படத்தைப் பார்த்துக் கீறியது. உயர்ந்த மகுடமும், ஒடுங்கிய இடையும், இடைக்கு மேல் ஆடையில்லாத உடலுமாக ஒரு தேவி.

கண்காட்சிக்கு முதல்நாள் மாலை பெரியவர்கள் சிலர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்கள். அந்தப் படத்தின் முன்னால் வந்ததும் நின்றார்கள். ஆபாசம் என்ற சொல் ஒருவருடைய வாயிலிருந்து வந்தது. "ஒரு பொம்பிளைப் பிள்ளை கீறுற படமே இது?" என்றார் இன்னொருவர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "மேலாலை ஒரு சீலையைக் கீறிவிடு பிள்ளை" என்றேன். அவள் ஒன்றும் பேசவில்லை. படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு என் வகுப்பில் அவள் பூச்சாடியும் பழக்கூடையும்தான் கீறினாள்.

அந்தப் படத்திலிருந்த தேவி யார்? அவள் பெயர் தாரா. கி.பி. 8ஆம் நூற்றாண்டில் வெண்கலத்தில் கனமாக வார்த்து, பொன்முலாம் பூசிய சிலை. உயரம் 143 சென்ரிமீற்றர். ஏறத்தாழ ஒரு பெண்ணின் உயரம் என்றே சொல்லலாம். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கரையோரத்திலே கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் றொபேட் பிறவுன்றிக் அதனைத் தம்மோடு கொண்டுபோனார். 1830இல் அது இலண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தது.

சேர்ந்த பிறகு நடந்ததுதான் நமது கதைக்கு முக்கியம். இந்த உடலைப் பொதுமக்கள் பார்ப்பது தகாது என்று நூதனசாலையார் கருதினார்கள். சுமார் முப்பது ஆண்டுகள் அச்சிலை பொதுப் பார்வைக்கு வைக்கப்படவில்லை. கற்றறிந்தோர் மட்டும் அனுமதி பெற்றுப் பார்க்கலாம். நமது கரையில் யாரோ கைகூப்பி நின்று வணங்கிய ஒரு தேவி, கடல் கடந்து போனதும் ஒளித்து வைக்க வேண்டிய பொருளாகிவிட்டாள்.

இது தாராவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரை 1748 முதல் அகழ்ந்தபோது, வீட்டுச் சுவர்களிலும் விளக்குகளிலும் கடை வாசல்களிலும் சிருங்காரச் சித்திரங்கள் வெளிப்பட்டன. அவற்றை நேப்பிள்ஸ் நூதனசாலையில் 1819இல் ஓர் இரகசிய அறைக்குள் இட்டுப் பூட்டினார்கள். இடையிடையே திறந்தும் மூடியும் வந்த அந்த அறை, பொதுமக்களுக்கென்று நிலையாகத் திறந்தது 2000ஆம் ஆண்டில். பிரித்தானிய நூதனசாலையும் 1865இல் இப்படியொரு இரகசியப் பகுதியை முறைப்படி அமைத்துக்கொண்டது. ரோமாபுரிக் குடியானவன் வாசலில் தொங்கவிட்ட விளக்கு இரகசியப் பொருளானது அது செய்யப்பட்ட நாளில் அல்ல, பூட்டப்பட்ட நாளில்தான்.

இனி, தாரா தன் சொந்தக் கரையில் என்னவாக இருந்தாள் என்று பார்ப்போம். தாரா என்ற வடசொல் கடத்தல், கரையேற்றல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்தது. மகாயான பௌத்தத்தில் அவள் அவலோகிதேஸ்வரரோடு சேர்த்து வணங்கப்படும் கருணைத் தெய்வம். எட்டுவகைப் பயங்களிலிருந்து அடியாரைக் காப்பவள் என்பர். அவற்றுள் ஒன்று நீரில் ஆழ்ந்து இறக்கும் பயம். கடலோடிகளும் வணிகரும் இப்படியொரு தெய்வத்தை நாடியதில் வியப்பில்லை. திருகோணமலைக்கு வடக்கே திரியாயிலுள்ள பாறைக் கல்வெட்டு ஏறக்குறைய அதே காலத்தது. பல்லவ கிரந்த எழுத்தில், சமஸ்கிருத மொழியில் அமைந்தது. வணிகர் எழுப்பிய வழிபாட்டிடத்தையும் அவலோகிதேஸ்வரரையும் மஞ்சுசிறீயையும் அது போற்றுகிறது. இன்னும் மூன்று நூற்றாண்டு கழித்து, வெல்கம் விகாரையில் இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் வழங்கியதையும், தமிழர் அங்கு விளக்கெரிக்கக் கொடை கொடுத்ததையும் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. இக்கரையில் எந்தத் தெய்வமும் ஒரே மொழிக்காரருக்கு மட்டும் உரியதாய் இருந்ததில்லை.

இன்னொரு செய்தி இன்னும் வியப்புக்குரியது. இந்தச் சிலை நெடுங்காலம் தாரா என்று அறியப்படவில்லை. பத்தினி தெய்வம் என்றே குறிக்கப்பட்டு வந்தது. பத்தினி யார் என்று கிழக்கு மாகாண நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வைகாசியில் சடங்கும் குளிர்த்தியும் நடத்தி நாம் வழிபடும் கண்ணகை அம்மன்தான். தன் மார்பையே திருகி எறிந்து மதுரையை எரித்தவள். கற்பின் திருவுருவம் என்று நாம் கொண்டாடுகிறவள். பொதுமக்கள் கண்ணில் படக்கூடாதென்று ஒளித்த உருவத்துக்கும், கற்பின் தெய்வத்துக்கும் ஒரே பெயர்ச்சீட்டு ஒட்டப்பட்டிருந்தது! பெயர் பிழைதான். ஆனால் அந்தப் பிழையில் ஓர் உண்மை இருக்கிறது. நமது மரபில் மார்பு என்பது ஆசைக்கு மட்டும் உரிய இடமன்று. அது பாலுக்கும், அழகுக்கும், அறச்சீற்றத்துக்கும் இடம். திருவண்ணாமலையில் அம்மனுக்கு உண்ணாமுலை என்று பெயர் சூட்டிக் குழந்தைக்கும் அப்பெயரை வைக்கிறோம். யாரும் முகம் சுளிப்பதில்லை.

நமது கோணேசர் கோயில் படிமங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1624இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைக்குப் போயின. 1950இல் நகரசபையார் கிணறு வெட்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய படிமங்கள் கிடைத்தன. ஊரே திரண்டு போய்ப் பார்த்ததை எங்கள் ஆச்சி வாழ்நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். மண்ணைக் கழுவி எடுத்த அம்மனை, பட்டும் மாலையும் இல்லாமல், சிற்பி வார்த்த வடிவிலேயே பார்த்தவர்களில் அவரும் ஒருவர். "எப்படியணை இருந்தா அம்மன்?" என்று நாங்கள் கேட்போம். "என்ர பிள்ளை மாதிரி இருந்தா" என்பார். பிறகு பட்டு உடுத்தி, மாலை சூட்டி, வீதியுலா கொண்டுபோனார்கள். புதிய கோயிலின் குடமுழுக்கு 1963இல் நடந்தது.

கோயிலிலும் மறைப்பு இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. அலங்காரம் திரைக்குப் பின்னால்தான் நடக்கிறது. ஆனால் அந்தத் திரை விலகுவதற்காகப் போடப்பட்டது. மணி அடித்துத் திரை விலகியதும் ஏழையும் பணக்காரனும், பிள்ளையும் கிழவனும் ஒன்றாகப் பார்க்கிறார்கள். இலண்டனில் போட்ட பூட்டு அப்படிப்பட்டதன்று. அது பார்க்கத் தகுதியானவர் சிலர், தகுதியற்றவர் பலர் என்று மனிதரைப் பிரித்த பூட்டு.

"சரி, தாராவும் பார்வதியும் தெய்வங்கள். அப்பட்டமாகக் கூடலைக் காட்டும் சிற்பங்களுக்கு என்ன சொல்கிறீர்?" என்று ஒருவர் கேட்டால், அது நியாயமான கேள்வி. மத்திய இந்தியாவில் கஜுராகோக் கோயில்கள் பெரும்பாலும் 950க்கும் 1050க்கும் இடையில் எழுந்தவை. 1838இல் அவற்றைக் கண்ட ரி. எஸ். பேர்ட் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் சிற்பவேலையின் திறத்தைக் கண்டு வியந்தார். சில சிற்பங்களைக் கண்டு அருவருத்தும் எழுதினார். நமக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். தமிழ்நாட்டுக் கோபுரங்களிலும் தேர்களின் மரச்சிற்பங்களிலும் மிதுன உருவங்கள் உள்ளன. இடி விழாது, கண்ணேறு படாது என்று ஊரார் காரணம் சொல்வார்கள். சைவ அறிஞர் சிலர், ஆசையை வெளியே விட்டு உள்ளே போ என்பதன் குறியீடு என்பார்கள். தந்திர மார்க்கம் என்பாரும் உண்டு. எனக்கு எல்லாவற்றையும்விட எளிய காரணம் ஒன்று தோன்றுகிறது. பிறப்பும் சாவும், போரும் ஆட்டமும், யானையும் குரங்கும் செதுக்கப்பட்ட இடத்தில் கூடல் மட்டும் இல்லாவிட்டால் உலகம் முழுமையாகாது. அறம் பொருள் இன்பம் வீடு என்று நான்கை எண்ணிய மக்கள், மூன்றாவதை எண்ணாமல் விடவில்லை.

சட்டம்கூட இதற்குத் தலைவணங்க நேர்ந்தது ஒரு வேடிக்கை. 2024 வரை நடைமுறையிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு ஆபாசப் பொருட்களைத் தடைசெய்தது. ஆனால் புராதன சின்னங்களிலும் கோயில்களிலும் உள்ள சிற்பங்களுக்கும், சுவாமியை ஏற்றிச் செல்லும் தேர்களில் உள்ளவற்றுக்கும் விலக்கு அளித்தது. தேரை நிறுத்த எந்தச் சட்டத்தாலும் முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் நாட்டிலே சிகிரியாவைப் பாருங்கள். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் காலத்து ஓவியப் பெண்கள் இன்றும் மேகத்தின் நடுவே பூவேந்தி நிற்கிறார்கள். அவர்களைப் பார்க்க வந்தவர்கள் கண்ணாடிச் சுவரிலே சிங்களத்தில் கவிதைகள் கீறிவைத்தார்கள். 8ஆம் நூற்றாண்டு முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான 685 கவிதைகளைப் பேராசிரியர் பரணவிதான படித்து 1956இல் வெளியிட்டார். இந்தப் பெண்கள் நம்மோடு பேசவில்லையே என்பது அக்கவிதைகளில் திரும்பத் திரும்ப வரும் ஏக்கம். பார்க்க வந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள். அவர்களும் தங்கள் மனத்தை எழுதினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய பார்வையாளர், சுவரிலுள்ள பெண்ணிடம் ஒரு மறுமொழியை எதிர்பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள். 1967இல் யாரோ அந்த ஓவியங்கள்மீது பச்சைப் பூச்சை வீசினார்கள். அவர்கள் எதிர்பார்த்தது மறுமொழியன்று.

தமிழ் இலக்கியத்துக்கு வருவோம். சங்கத் தொகைகளில் பெரும்பகுதி அகம். திருக்குறளில் 1330இல் 250 குறள்கள் காமத்துப்பாலுக்கு உரியவை. அகத்திணைக்கு இலக்கணம் வகுத்தவர்கள் ஒரு விதி செய்தார்கள். காதலிலும் கூடலிலும் ஈடுபட்ட தலைவன் தலைவியரின் பெயரைச் சொல்லக் கூடாது. இதை வெறும் கவிமரபு என்று நாங்கள் படித்தோம். இன்று எனக்கு அது பெரியதொரு ஒழுக்கமாகத் தெரிகிறது. ஆசையை எவ்வளவு விரிவாகவும் பாடலாம். ஆனால் உண்மையான ஒரு மனிதரை ஊர் வாயில் போட்டுவிடக் கூடாது. உணர்ச்சிக்கு வெளிச்சம், ஆளுக்கு மறைவு.

இந்த மனம் எப்போது மாறியது? 1857இல் இங்கிலாந்தில் ஆபாச வெளியீடுகள் சட்டம் வந்தது. அந்தக் கண்ணாடியை நமது படித்தவர்களும் வாங்கி மாட்டிக்கொண்டார்கள். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் எழுதிய ராதிகா சாந்தவனமு என்ற காவியத்தை 1910இல் பெங்களூர் நாகரத்தினம்மா பதிப்பித்தார். அடுத்த ஆண்டே அரசு அதனைத் தடைசெய்தது. 1947இல்தான் தடை நீங்கியது. நம் நாட்டிலே ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் 1927இல் வந்தது. இந்தக் கலங்கலின் நடுவே, நமது ஆனந்த குமாரசுவாமி ஒருவர் நின்று, இந்தியக் கலையில் உடலின்பமும் ஆன்மிகமும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல என்று மேல்நாட்டாருக்கு எடுத்துச் சொன்னார். நமக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

ஆனால் நேயர்களே, பழைய காலத்தில் எல்லாம் தூய்மையாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை. தாராவின் திறந்த மார்பு தெய்வத்துக்கும் அரசிக்கும் உரிய கோலம். அதே திறந்த மார்பு, திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. மேலாடை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பல ஆண்டுகள் போராடி, 1859இல்தான் அதனைப் பெற்றார்கள். யாழ்ப்பாணத்திலும் சட்டை போடும் உரிமை மறுக்கப்பட்ட பெண்கள் இருந்தார்கள். ஆகவே மூடுவது இழிவு, திறப்பது விடுதலை என்றும் சொல்ல முடியாது. அதனை மாற்றியும் சொல்ல முடியாது. யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

என் தகப்பனார் பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட்டில் பெயின்ற் அடிக்கிறவராக வேலை செய்தவர். 1957இல் அவர்கள் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது எனக்கு மூன்று வயது. மாலுமிகளின் கைகளில் பச்சை குத்தியிருந்த பெண்களைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டு சொல்வார். கையை மடக்கினால் அந்தப் பெண் ஆடுவாளாம். ஒருநாள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஒருத்திக்கும் முகம் இல்லை தம்பி" என்றார். முகம் இருந்திருக்கும், ஆனால் ஒரு முகமும் அவர் மனத்தில் நிற்கவில்லை. சிருங்காரக் கலைக்கும் ஆபாசத்துக்கும் உள்ள வேற்றுமையை எனக்கு முதன்முதல் சொன்னவர், ஏழாம் வகுப்புக்கு மேல் படிக்காத அந்த மனிதர்தான். இன்று கைத்தொலைபேசியில் ஒரு பிள்ளையின் படம் அவள் அறியாமலே ஊர் ஊராகப் போகிறது. அகத்திணை காத்த மறைவு அவளுக்கு இல்லை. அதைப் பார்க்கிறவன் அவளிடம் மறுமொழி எதிர்பார்ப்பதும் இல்லை. தாராவைப் பூட்டியவர்களும் இவனும் வெவ்வேறு ஆட்கள் என்று நினைக்கிறோம். இருவரும் பார்த்தது ஒன்றைத்தான்: உடலை மட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் இலண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, நூதனசாலையின் 33ஆம் இலக்க அறையில் தாராவை நேரில் பார்த்தேன். கண்ணாடிக்குள் நிற்கிறாள். மகுடத்தில் மணி பதித்திருந்த குழி வெறுமையாக இருக்கிறது. கண்கள் தாழ்ந்திருக்கின்றன. இடக்கை எதையோ ஏந்தியிருந்த பாவனை, தாமரையாக இருக்கலாம். வலக்கை தாழ்ந்து, உள்ளங்கை வெளியே தெரிய, கேட்டதைக் கொடுக்கும் வரத முத்திரையில் இருக்கிறது. வெகுநேரம் நின்றேன். நாற்பது ஆண்டு ஆசிரியத் தொழிலில் நான் செய்த பிழைகளில் பெரியது எது என்று எனக்கு அங்கே தெரிந்தது.

ஊருக்கு வந்தபின் அந்தப் பழைய மாணவியைத் தேடிப் பிடித்தேன். இப்போது கனடாவில் இருக்கிறாள், பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டாள். தொலைபேசியில் பேசினேன். அந்தப் படம் எங்கே என்று கேட்டேன். "அது 1990இல வீட்டோடை எரிஞ்சு போச்சுது சேர்" என்றாள். அன்று நான் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "நான் உடம்பைக் காட்டவெண்டு அதைக் கீறேல்லை சேர். உடம்பு கெதியா வந்திட்டுது. அந்த வலக்கைதான் வராமல் ஒரு கிழமை மினைக்கெட்டனான். கடைசியில வந்திட்டுது. எல்லாரும் வந்து நிண்டு பார்த்தவை. ஒருத்தரும் கையைப் பார்க்கேல்லை. நீங்களும் பார்க்கேல்லை."

இதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

தாராவின் படியொன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் அதன் முன்னால் வந்ததும் அவர்களின் கண்ணைப் பொத்தி அவசரமாக இழுத்துக்கொண்டு போக வேண்டாம். கொஞ்சம் நில்லுங்கள். அந்தக் கை எதைக் கொடுக்கிறது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். மற்றதைப் பற்றியும் அவர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். நான் அன்று சொல்லாத மறுமொழியை நீங்கள் சொல்லுங்கள்.